அன்பின் படித்தரம்

சிறப்பு மலர்களுக்குக் கட்டுரை எழுதப் புகுவோர்க்கு ஒரு பெரிய சௌகரியமும் அதனினும் பெரிய சங்கடமும் உண்டு. அன்போடு இருங்கள், ஆண்டவனை நம்புங்கள், ஆனந்தமாக வாழுங்கள் என்று எழுதிவிட்டால் அதை மறுத்துப் பேசுவார் ஒருவரும் இலர் என்பது சௌகரியம்; மலரை மூடி அலமாரியில் வைத்த பிறகு அதை நினைத்துப் பார்ப்பாரும் ஒருவரும் இலர் என்பது சங்கடம். உபதேசத்துக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஆயினும், நல்லவர்களாக வாழ வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறவர்களே, அந்த விருப்பத்தை நாளைக் காலை ஆறு மணிக்கு எந்தக் காரியத்தில் தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்பதை நாம் காண்கிறோம்.

இதற்கு விடை நம் கோயில்களில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கருவறையில் இருப்பதை விட மடைப்பள்ளிக் கணக்கில் அது தெளிவாக இருக்கிறது என்றும் சொல்லத் துணிவேன். ஒவ்வொரு பழங்கோயிலுக்கும் படித்தரம் என்று ஒன்று உண்டு. காலசந்திக்கு இத்தனை படி அரிசி, உச்சிக்காலத்துக்கு இத்தனை பலம் பருப்பு, சாயரட்சைக்கு இத்தனை முழம் பூ, அர்த்தஜாமத்துக்கு இத்தனை ஆழாக்குப் பால் என்று நிர்ணயித்து, அதை அளந்து கொடுப்பவர் இன்னார், பெற்றுக்கொள்பவர் இன்னார் என்பது வரையில் எழுதி வைத்த திட்டம் அது. அர்ச்சகருக்கு அன்று பக்தி பெருகினாலும் பெருகாவிட்டாலும், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும், சுவாமிக்கு நைவேத்தியம் வேளை தவறாது போய்ச் சேர்வதற்குக் காரணம் அந்தத் திட்டமே. பக்தியை மனத்தின் எழுச்சிக்கு மாத்திரம் விட்டுவைத்திருந்தால், எத்தனை கோயில்களில் எத்தனை நாள் விளக்கு எரிந்திருக்கும் என்பதை அவரவரே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடம்பாக்கத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சற்று நிதானமாகப் பார்ப்போம். தாம்பரத்துக்குத் தெற்கே, இன்று அடுக்குமாடி வீடுகள் நெருங்கிவிட்ட அந்த ஊரின் நடுவில், சோழர் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது தேனுபுரீசுவரர் ஆலயம். படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல் வளைந்து அமைந்த தூங்கானை மாட விமானம் அதற்கு உரியது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ராகு காலத்தில், தூணில் எழுந்தருளியிருக்கும் சரபேசுவரரைத் தரிசிக்க வருகிற கூட்டத்தினரில் பலர் விமானத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அவர்கள் குற்றமன்று. கஷ்டத்தோடு வருகிறவன் சிற்ப சாஸ்திரத்தைக் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது படித்தவர்களின் பேராசை.

அந்த ஸ்தலத்தின் புராணம் சுருக்கமானது. ஆனால் யோசிக்க யோசிக்க விரிவது. கபில முனிவர் சிவலிங்கத்தைத் தரையில் வைக்க மனம் ஒப்பாமல், இடக்கையில் ஏந்தி வலக்கையால் மலர் தூவி வழிபட்டாராம். அந்த முறை தகாது என்று இறைவன் அவரைப் பசுவாகப் பிறக்கும்படி செய்தான். பசுவாகப் பிறந்த முனிவர், இந்த இடத்தில் மண்ணுக்குள் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் நாள்தோறும் பால் சொரிந்தார். வீட்டுக்கு வர வேண்டிய பால் மண்ணில் போகிறதே என்று மேய்ப்பவன் அடிக்க, பசு மிரண்டு மிதிக்க, லிங்கம் வெளிப்பட்டது. அரசன் அதை அறிந்து கோயில் எடுத்தான். வழக்குகள் சிறிது மாறுபட்டாலும் வரலாற்றின் சாரம் இதுவே. சுவாமி தேனுபுரீசுவரர், அம்பாள் தேனுகாம்பாள் என்னும் திருநாமங்களும் இதனால் அமைந்தவையே.

தண்டனை சற்றுக் கடுமையாக இருக்கிறதே என்று தோன்றாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆசாரத்தின் பொருட்டுத் தெய்வத்தைக் கையில் ஏந்தியவருக்கா இந்தக் கதி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பௌராணிகர்கள் மன்னிக்கக் கடவர். மண் அசுத்தம் என்று எண்ணி அதிலிருந்து தெய்வத்தை விலக்கி வைத்தவரை, நாலு காலும் மண்ணில் பதிய நடக்கிற, குனிந்து மண்ணில் மேய்ந்தாலன்றி வயிறு நிரம்பாத ஒரு ஜீவனாக்கி, அதே மண்ணுக்குள் தன்னைத் தேடிக்கொள்ளும்படி வைத்தான் இறைவன். அதை நான் சாபமாகக் கொள்ளவில்லை, பாடமாகக் கொள்கிறேன். அதிலும் கவனிக்கத் தக்கது, அந்தப் பசு அங்கே என்ன செய்தது என்பது. அது துதி பாடவில்லை, தவம் கிடக்கவில்லை. தன்னிடம் இருந்ததை, நாள்தோறும், அதே வேளையில், அதே இடத்தில் கொண்டுபோய்ச் சொரிந்தது. அடி விழுகிற நாள் வரையில் ஒருவரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

மனிதர்கள் இதே காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சோழர் காலத்துக் கோயிற் சுவர்கள் சாட்சி சொல்கின்றன. ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பிய ஒருவர், கோயிலுக்கு வந்து ஒரு குடம் நெய்யைக் கொட்டிவிட்டுப் போகவில்லை. சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் கூறும் ஆட்டு மந்தையை, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை, இடையர் ஒருவரிடம் ஒப்படைத்து, அதன் பயனாக அவரும் அவர் வழியினரும் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். ஆடு சாகும்; குட்டி பிறக்கும்; மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. தானம் செய்தவர் மறைந்து, அவர் பேரன் மறைந்து, அவர் யார் என்பதே ஊருக்கு மறந்துபோன பிறகும் விளக்கு எரியும். தன் பக்தியின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டிலும், தன் மறதியைப் பற்றி அவருக்கு இருந்த ஞானம் பெரிது என்றே நான் கருதுகிறேன். விசுவாசம் உள்ளவன் தன்னை அதிகமாக நம்புவதில்லை. ஆகையினால்தான் ஏற்பாடு செய்கிறான்.

தாம்பரத்துக்கு வடமேற்கே இருக்கிற திருநீர்மலையிலும் இந்த நம்பிக்கையின் வேறொரு முகத்தைக் காணலாம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் நீர் அகழிபோல் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும் வரையில் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது ஐதிகம். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் பெருமாள் காட்சி தரும் தலம் அது. அவசரக்காரர்களாகிய நாம் அங்கே நாற்கோலத்தையும் அரை மணி நேரத்தில் சேவித்துவிட்டு இறங்குகிறோம். ஆழ்வாரோ, மங்கை நாட்டுத் தலைவராக இருந்தவர், குதிரையும் வாளும் உடையவர், ஓடம் ஒன்று கட்டச் சொல்லியிருக்கக் கூடியவர், தண்ணீர் தானாக வடியட்டும் என்று கரையில் இருந்தார். அந்த ஆறு மாதமும் அவர் எங்கே உண்டார், எங்கே உறங்கினார், அவருக்கு அன்னமிட்டவர் யார் என்பதைப் பற்றி ஐதிகம் ஒன்றும் பேசுவதில்லை. எனக்கு அதை அறியத்தான் ஆவல்.

ஆனந்தத்துக்கும் ஏற்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். அன்பையும் நம்பிக்கையையும் திட்டத்துக்குள் கொண்டுவரலாம். மகிழ்ச்சி தானாக அல்லவோ வர வேண்டும்? மாடம்பாக்கத்துக்கு அருணகிரிநாதர் வந்து திருப்புகழ் பாடினார். 15-ஆம் நூற்றாண்டில் தலந்தலமாக நடந்து, தாளம் துள்ளுகிற சந்தங்களில் அவர் கொட்டிய ஆனந்தம் எத்தனை ஆயிரம் பாட்டுகளாக இருந்ததோ. பதினாறாயிரம் என்று சொல்வது வழக்கு. நமக்குக் கிடைத்தவை ஆயிரத்து முந்நூறு அளவே. அவையும் எப்படிக் கிடைத்தன? மஞ்சக்குப்பத்தில் நீதிமன்ற உத்தியோகத்தில் இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்பவர், உத்தியோகத்துக்கு இடையே ஊர் ஊராக ஏட்டுச்சுவடிகளைத் தேடி, பாடங்களை ஒப்பு நோக்கி, 1894-ஆம் வருஷத்தில் முதற் பாகத்தை அச்சேற்றினார். பின்னர் அவர் குமாரர் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரையும் ஆராய்ச்சியும் எழுதினார். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள், புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைமார்களைக் காணக் கூட்டங்கூட்டமாகப் போகிற ஜனங்களைத் திருத்தணிகைப் படிகளில் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும்படி திருப்பினார். இன்று ஒரு பஜனைக் கூடத்தில் பத்துப் பேர் ஜாலராவுடன் ஒரு திருப்புகழைப் பாடி மெய்மறக்கிறார்கள் என்றால், அந்த ஐந்து நிமிஷ ஆனந்தத்துக்குப் பின்னால் ஒரு நீதிமன்ற உத்தியோகஸ்தரின் பல வருஷத்துச் சுவடித் தேடலும், ஒரு துறவியின் பிடிவாதமும் இருக்கின்றன.

சேலையூர்ப் பக்கத்திலும் இத்தகைய ஆனந்தம் ஒன்று வளர்ந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் வருஷத்தில் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது, அங்கே இருந்தது முட்புதர்க் காடு. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரங்களை நட்டு அந்த நிலத்தைப் பேணினார்கள். தாங்கள் அனுபவிக்கப் போவதில்லை என்று தெரிந்த நிழலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் சந்தோஷம் எத்தன்மையது என்பதை அந்த வளாகத்துள் நுழைந்து பார்க்கிறவர்கள் அறிவார்கள்.

இனி, இந்தச் சுற்றுப்புறத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த இடத்துக்கு வருகிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் கடைசிக்கு முந்திய நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைக் காதால் கேட்கிறார்கள். அது ஒரு வைத்தியரின் கனவு என்பதை நினைப்பார் சிலரே. டேவிட் சவுரிமுத்து என்னும் தமிழர், 1864-இல் பிறந்தவர், இங்கிலாந்தில் வைத்தியம் பயின்று, அந்நாட்டிலேயே மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியத்தை நடத்தினார். 1914-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட நெவாசா என்னும் கப்பலில் கும்பகோணத்து இளைஞர் ஒருவரும் அவரோடு சகபிரயாணியாக இருந்தார். கணித மேதை சீனிவாச ராமானுஜனே அவர். 1917-இல் ராமானுஜன் நோயுற்றபோது அந்த மெண்டிப் சானடோரியத்துக்கே சிகிச்சைக்குச் சென்றார் என்பது விதியின் விசித்திரம். திறந்த காற்றே மருந்து என்ற அக்காலச் சிகிச்சையில் ஜன்னல்களை மூடாமல் வைப்பார்கள். இங்கிலாந்துக் குளிரில் நம் தென்னாட்டுச் சரீரம் அதை எப்படித் தாங்கியிருக்கும் என்று எண்ணினால் நமக்கு நடுக்கம் எடுக்கிறது.

சவுரிமுத்து தம் முதுமையில் தாயகத்துக்குத் திரும்பி, 1928-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில், 12 படுக்கைகளோடு இந்தச் சானடோரியத்தைத் தொடங்கினார். காசம் என்றால் வீட்டார் பாத்திரத்தைத் தனியாக வைக்கிற காலம் அது. அந்த நோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்திருந்தாலும், அதைக் கொல்லும் மருந்து எவரிடமும் இல்லை. மருந்து இல்லாத நோய்க்கு ஒரு வைத்தியர் கொடுக்கக் கூடியது எது? நல்ல காற்று, வேளைக்குச் சத்துள்ள ஆகாரம், அளவான நடை, விதித்த நேரத்தில் ஓய்வு, நாள் தவறாமல் உடற்சூட்டைக் குறித்துக்கொள்ளுதல், நீ பிழைப்பாய் என்கிற ஒரு முகம். சுவாமிக்குப் படித்தரம் அமைத்த நாட்டில், மனிதனுக்கு அமைத்த படித்தரம் அது. 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது; சவுரிமுத்து 1940-இல் காலமானார். ஹிந்து வைத்தியத்தின் தொன்மையைப் பற்றி 1930-இல் ஒரு நூல் எழுதியவர் அவர். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ஆம் வருஷத்தில் அதே சானடோரியப் பகுதியில் திறக்கப்பட்டதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் சரித்திரம் நல்லவர்களுக்கு எப்போதும் மாலை போடுவதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியாசிடும் காசத்துக்கு மருந்தாக வந்தன. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றப் பிரிவினரை நெருக்கமும் வறுமையும் மிகுந்த அவரவர் வீட்டிலேயே வைத்தும், ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறையச் சானடோரியத்திலிருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அவர்களோடு வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளை மூடச் செய்தது. நோயாளியை மனைவி மக்களிடமிருந்து பிரித்து வருஷக்கணக்கில் தொலைவில் வைக்க வேண்டியதில்லை என்று ஆனது எவ்வளவு பெரிய கருணை! எனினும், குணப்படுத்தியது மருந்துதான், காற்றும் பாலும் முட்டையும் அன்பும் அல்ல என்று இதற்குப் பொருள் கொண்டவர்கள் பலர். சவுரிமுத்துவின் வாழ்நாள் உழைப்பு வீணாயிற்றோ என்று ஒரு கணம் நமக்குத் தோன்றத்தான் செய்கிறது.

தாம்பரத்தின் கதவு மட்டும் மூடவில்லை. 1986-இல் சென்னையிலேதான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது, டாக்டர் சுனிதி சாலமன் அதில் முன்நின்றவர். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் நம் சமூகம் நடந்துகொண்ட விதம் பெருமைக்குரியதன்று. கற்றவர்களும், வைத்திய சாலைகளும், பெற்ற பிள்ளையைப் பெற்றோரும் கூட, கதவைச் சாத்தினார்கள். 1993 முதல் தாம்பரம் சானடோரியம் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. காசநோயாளியைத் தொட்டுப் பழகிய கைகள் ஆகையால் அவற்றுக்குக் கூச்சம் குறைவாக இருந்தது போலும். தெய்வநாயகம் என்னும் மருத்துவர் அங்கே கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகளைக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினார். நோயைக் கட்டிவைத்தது கூட்டு மருந்துச் சிகிச்சையே என்பது உண்மை. 2004 ஏப்ரலில் அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. ஆனால் 1993-க்கும் 2004-க்கும் இடையில் பதினொரு வருஷங்கள் இருக்கின்றன. அந்தப் பதினொரு வருஷமும் அங்கே வந்து படுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு கட்டில், ஒரு தட்டுச் சோறு, முகம் சுளிக்காத ஒரு தாதி. மருந்து வருகிற வரையில் மனிதனைக் காத்து வைப்பது என்பது ஒரு வைத்தியம். அதற்குப் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைத் தாம்பரத்தார் மறக்க மாட்டார்கள். மறுநாட் காலை வரையில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அந்த நாட்களில் ஜாதி மதம் பாராமல் ஒருவரை ஒருவர் தூக்கிச் சென்ற இளைஞர்களையும், அறிமுகமில்லாத வீட்டுக்குச் சாம்பார் சாதப் பொட்டலம் கட்டிய தாய்மார்களையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், அவ்வளவும் உண்மை. எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. மழை நீரைத் தாங்குவதற்கென்றே நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டி, அதைப் பராமரிக்க ஏரி வாரியம் என்று ஒரு சபையை வைத்திருந்தார்கள். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அந்த வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை வகுக்கின்றன. ஆண்டுதோறும் வண்டல் அள்ளுவதும் கரைக்கு மண் போடுவதும் மதகைச் செப்பனிடுவதும் ஒருவரும் கைதட்டாத காரியங்கள். இன்று மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்துவிட்டது. அதன் ஏரி இன்னும் இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு ஓடி வருகிற அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வருவதற்கு முன் மதகைத் திறந்து பார்க்கிறவனுடைய அன்புக்கும் ஒரு மாலை போடலாமே என்கிறேன்.

சவுரிமுத்துவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதை முடித்துவிடுகிறேன். அவர் காலமாகி எண்பது வருஷங்களுக்கு மேலான பின்னர், 2023-இல், ஜார்கண்டு மாநிலத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். அத்துடன் நில்லாமல், ஒரு பகுதிக் குடும்பங்களில், நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வசிக்கிறவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்து வந்தார்கள். அவ்வாறு உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசம் உண்டாவது 39 சதவிகிதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசம் 48 சதவிகிதம் குறைந்தது. தடுப்பு மருந்தைப் போல் அரிசியும் பருப்பும் வேலை செய்திருக்கின்றன! நோயாளிகளிடத்திலும், தொடக்கத்தில் எடை ஏறியவர்களுக்கு மரண அபாயம் வெகுவாகக் குறைந்ததைக் கண்டார்கள். பச்சைமலை அடிவாரத்தில் அந்தக் கிழவர் வேளை தவறாமல் ஊட்டிய சோறு நோயை நேரே கொல்லவில்லை. ஆனால் அவர் பிடித்தது பொய்யான நூல் அல்ல, பாதி நூல். மற்றப் பாதி அவர் காலத்தில் நூற்கப்படவே இல்லை.

1867-இல் வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்தவனுக்குச் சோறிடுவதையே ஜீவகாருண்யத்தின் முதற் காரியமாக வைத்தவர் அவர். ஜார்கண்டின் புள்ளிவிவரத்தைப் பார்த்து அவர் வியப்படைந்திருக்க மாட்டார். இத்தனை காலம் ஏன் சந்தேகப்பட்டீர்கள் என்று மாத்திரம் கேட்டிருப்பார்.

இம்மலரைப் படிப்போரில் காரியத்தில் இறங்க விரும்புவோர்க்கு ஒரு செய்தி. 2022 செப்டம்பர் முதல் மத்திய அரசாங்கத்தின் நி-க்ஷய் மித்ரா என்னும் திட்டத்தின்கீழ், தனி மனிதரோ, சங்கமோ, குடியிருப்போர் நலச்சபையோ, ஒரு காசநோயாளியை, அவர் சம்மதத்தோடு, ஏற்றுக்கொண்டு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுக்கலாம். குறைந்தது ஆறு மாதம் கொடுக்க வேண்டும். இன்றைய காசநோய்ச் சிகிச்சையும் பெரும்பாலும் ஆறு மாதமே. முதல் மாதம் கொடுப்பதற்கு ஆட்கள் தாராளமாகக் கிடைப்பார்கள், புகைப்படம் எடுப்பதற்கும் கிடைப்பார்கள். கஷ்டம் நான்காவது மாதத்தில் இருக்கிறது. அதற்குள் நோயாளிக்கு இருமல் நின்றிருக்கும், உடம்பு சற்றுத் தேறியிருக்கும், மருந்தை விட்டுவிடலாமா என்று அவருக்கும், பொருளை நிறுத்திவிடலாமா என்று கொடுப்பவர்க்கும் ஒரே சமயத்தில் தோன்றும். ஆகவே ஒரு தெருவார் கூடி இதில் இறங்குவதானால், முதற் கூட்டத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம்: அரிசி யார் வீட்டிலிருந்து, பருப்பு யார் வீட்டிலிருந்து, எண்ணெயும் வேர்க்கடலையும் யார் வாங்குவது, மாதத்தில் எந்தத் தேதி, அன்று அவருக்கு ஊருக்குப் போக நேர்ந்தால் பதிலாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார் என்பது வரையில்.